பிழை காட்டுவார்க்குப் பரிசளித்த நூலாசிரியர்

மலர் வெளியீடுகளில் அச்சுப்படி திருத்திய அனுபவமுடையோர் அச்சுக்கூடத்தின் அருமையை நன்கறிவர். ஒரு கொம்பு விடுபடின் சொல் மாறும். சமன்பாடொன்றில் அடுக்கெண் கீழிறங்கின் உண்மையே மாறிவிடும். தமது நூலின் அச்சு அழகு குன்றியமை கண்டு பொறாது, எழுதிக்கொண்டிருந்த நூலை ஒருபுறம் வைத்துவிட்டு, அச்சுக்கோக்கும் முறையையே புதிதாக ஆக்கப் புகுந்த ஒருவரைப் பற்றி ஈண்டுக் கூற விழைகின்றோம். அவரே கணனி நிரலாளரும் நூலாசிரியருமாகிய டொனால்ட் கனூத்.

இவர் 1938ஆம் ஆண்டு தை மாதம் 10ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் மில்வோக்கி நகரிற் பிறந்தார். தந்தையார் கணக்குப் பதிவியல் கற்பித்த ஆசிரியர். சிறிய அச்சுத் தொழிலொன்றும் நடத்தியவர். எட்டாம் வகுப்பிற் பயிலுங்கால் ஓர் இனிப்புக் கம்பனியார் போட்டியொன்று வைத்தனர். தமது பண்டத்தின் பெயரிலுள்ள எழுத்துக்களைக் கொண்டு எத்தனை சொற்கள் ஆக்கலாம் என்பதே வினா. சிறுவர் கனூத் வயிற்றுவலி என்று சொல்லி இருவாரம் வீட்டில் தங்கி, பேரகராதியைப் புரட்டி, ஏறத்தாழ 4,500 சொற்களைக் கண்டார். நடுவரிடமிருந்த பட்டியலிலோ 2,500 அளவிலேயே சொற்களிருந்தன. பாடசாலைக்குத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று பரிசாகக் கிடைத்தது. (வயிற்றுவலியை மட்டும் மாணவர் பின்பற்றாதொழிக.)

1956இல் கிளீவ்லாந்து நகரிலுள்ள கேஸ் தொழினுட்பக் கல்லூரியிற் பௌதிகம் பயிலச் சேர்ந்தார். அங்கே ஐ.பி.எம். 650 என்னுங் கணனி இருந்தது. அதன் நினைவகம் சுழலும் உருளையொன்று. பத்திலக்க எண்கள் 2,000 மட்டுமே அதிற் கொள்ளும். அக்கணனியின் கைந்நூலை வாசித்த கனூத், அதில் எடுத்துக்காட்டாகத் தந்திருந்த நிரல்கள் செம்மையற்றிருத்தலைக் கண்டு, தாமே இவற்றினும் நன்றாக எழுதலாமென்று எண்ணினார். கைந்நூல் குறையின்றி அமைந்திருந்தால் அவருக்கு அத்துணிவு பிறந்திராது. பின்னாளில் தமது பெருநூலை அந்த 650 கணனிக்கே உரிமையாக்கினார். 1960இல் இளமாணிப் பட்டத்தையும் முதுமாணிப் பட்டத்தையும் ஒருங்கே பெற்றார். 1963இற் கலிபோர்ணியாத் தொழினுட்பக் கழகத்திற் கணிதத்திற் கலாநிதியானார்.

மாணவராயிருந்தபோதே, 1962இல், பதிப்பகத்தார் ஒருவர் மொழிமாற்று நிரல்களைப் பற்றி நூலொன்று எழுதித் தருமாறு கேட்டனர். அன்றே பன்னிரண்டு அதிகாரங்களுக்குத் தலைப்பிட்டார். ஆனால் ஒன்றை விளக்க அதன் அடிப்படையை விளக்க வேண்டியதாயிற்று. கையெழுத்துப்படி 3,000 பக்கமாக வளர்ந்தது. கையெழுத்துப் பக்கங்கள் பல சேர்ந்தே ஓர் அச்சுப் பக்கமாகுமென்று அவர் கொண்டிருந்த கணக்குப் பிழைத்தது. ஒரே நூல் ஏழு தொகுதிகளாக வகுக்கப்பட்டது. 'கணனி நிரலாக்கக் கலை' என்னும் அந்நூலின் முதல் மூன்று தொகுதிகள் 1968, 1969, 1973ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. 1974இற் கணனித்துறையின் தலையாய விருதாகிய ரியூறிங் விருது அவரைச் சேர்ந்தது.

நூலிலுள்ள பயிற்சிகளுக்கு அருமை நோக்கிப் பூச்சியம் முதல் 50 வரை எண்ணிட்டார். 50 எனின், எவராலும் விடுவிக்கப்படாதது. பேர்மாவின் இறுதித் தேற்றமும் அவ்வாறு 50 பெற்று நின்றது. வைல்ஸ் அதனை நிறுவிய பின்னர், 1997ஆம் ஆண்டுப் பதிப்பில் அது 45 ஆக இறங்கியது!

1977இல் நேர்ந்ததே எமது கட்டுரையின் உயிர்நிலை. முதற்பதிப்புக்கள் ஈய எழுத்தால் அமைந்தவை. இரண்டாம் தொகுதியின் புதுப்பதிப்புக்கு ஒளிப்பட முறையிற் கோத்த அச்சுப்படி வந்தது. எழுத்தின் வடிவும் இடைவெளியும் கண்டு கனூத் மனம் நொந்தார். எழுத்தையும் வெளியையும் எண்களாற் குறிக்கலாமெனின் அது கணனிக்குரிய வேலையே எனத் தெளிந்து 'ரெக்' என்னும் நிரலை வகுக்கலானார். எழுத்துக்களை வரைய 'மெற்றாபொன்ற்' என வேறொன்றும் செய்தார். உரோம எழுத்துக்களுள் 'எஸ்' என்னும் வளைவெழுத்து அவரைப் பெரிதும் வருத்திற்று. அவ்வோரெழுத்தைப் பற்றியே 1980இல் ஒரு கட்டுரை எழுதினார்.

ரெக்கின் நுட்பம் ஒன்றை மாணவர் அறிதல் நன்று. அச்சுக்கோப்பவர் ஒரு வரி நிரம்பியதும் அதனை முடித்து அடுத்ததற்குச் செல்வர். முன்வரியில் நெருக்கியதன் தண்டனையைப் பின்வரி அனுபவிக்கும். ரெக் அவ்வாறன்று. பந்தி முழுவதையும் ஒருங்கே நோக்கி, சொற்களுக்கிடையே வெளி மிகையாக விரிந்தாலும் சுருங்கினாலும் அவ்வரிக்கு ஒரு குற்றவெண் இட்டு, பந்தி முழுமைக்கும் குற்றத்தொகை மிகக் குறையுமாறு வரிகளை முறிக்கும்.

சில மாதங்களில் முடியுமென்று எண்ணிய வேலை ஏறத்தாழப் பத்தாண்டுகளை விழுங்கியது. அதனை அவர் விற்கவில்லை. எவரும் எடுத்தாள விட்டுவிட்டார். உலகெங்கும் கணித ஏடுகள் அதனால் அச்சாயின. எனினும் மூன்றாம் தொகுதிக்குப் பின் நான்காம் தொகுதியின் முதற்பகுதி 2011இலேயே நூலுருப்பெற்றது. இடைப்பட்டன 38 ஆண்டுகள். அடுத்த பகுதி 2022இல் வந்தது. ஏழு தொகுதித் திட்டத்தில் ஐந்தாம், ஆறாம், ஏழாம் தொகுதிகளுக்கு அப்பொழுதும் நூலுருவில்லை. இது தகுமா எனின், காத்திருந்த வாசகர் பக்கமே எம் மனம் முதலிற் சாய்ந்தது. ஆயினும் பிறருடைய நூல்கள் செம்மையாக வெளிவரத் தம் நூலைத் தாமதிக்க விட்டவரை நாம் எங்ஙனம் குறை கூறுவோம்? அவருங் காலத்தின் அருமையை அறியாதவரல்லர். 1990இல் மின்னஞ்சலைக் கைவிட்டார். எழுதுதற்கென்றே ஸ்ரான்போட் பல்கலைக்கழகப் பதவியினின்றும் முன்னதாக ஓய்வு பெற்றார்.

தம் நூலிற் பிழை கண்டு முதலில் அறிவிப்பவர்க்கு 2.56 டொலர் காசோலை அனுப்பினார். அது 256 சதம். 256 என்பது பதினாறடி எண்முறையில் 100 ஆதலின், 'ஒரு பதினாறடி டொலர்' என்றார். பெற்றோர் பலர் அதனைப் பணமாக்காது சட்டமிட்டுச் சுவரில் மாட்டினர். காசோலை மோசடிக்கு அஞ்சி 2008 முதல் கற்பனை வங்கியொன்றின் பெயரிற் சான்றிதழ் வழங்கலானார். ரெக்கின் பதிப்பெண்ணோ 3.14, 3.141 எனத் திருத்தந்தோறும் ஓரிலக்கம் நீண்டு, வட்டவிகிதமாகிய 'பை'யை அணுகிச் செல்வது. தாம் இறந்தபின் அதனைப் 'பை' என்றே முடித்துவிட வேண்டுமென்றும், அப்பொழுது எஞ்சியிருக்கும் பிழைகளை எவருந் திருத்தாது அந்நிரலின் இயல்புகளாகவே கொள்ள வேண்டுமென்றும் எழுதி வைத்துள்ளார்.