பழைய மோட்டார் வண்டிகளில் சுழற்சிமானி பிழைபடுதலும் அதனைப் பரிசோதிக்கும் முறையும்

யந்திரம் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதைக் காட்டும் கருவி டாக்கோமீட்டர் எனப்படும். இதனைச் சுழற்சிமானி எனலாம். விவசாயிக்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் கேட்கக்கூடும். டிராக்டரின் பின்சுழல் தண்டுக்கு 540 சுற்று என்பது வழக்கமான அளவு. சுழற்சிமானி பத்தில் ஒரு பங்கு மிகுத்துக் காட்டுமாயின், ஓட்டுபவர் 540 என எண்ணியிருக்கத் தண்டு சுமார் 490 சுற்றே சுற்றும். மருந்து தெளிப்பானில் அழுத்தம் குறையும். கதிரடிக்கும் யந்திரத்தில் மணி கதிரிலேயே தங்கிவிடும். குறைத்துக் காட்டினாலோ, யந்திரம் மிகை வேகத்தில் ஓடி மணிகள் நொறுங்கும்.

இக்கருவியின் குணதோஷங்களை அறியப் பழைய கார்களே நல்ல பாடமாகும். சென்னை மேற்கு மாம்பலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே லேக் வியூ ரோட்டின் பெயரே ஏரியைச் சொல்லுகிறது. மழைக்காலமும் அதனை மறக்கவிடுவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அப்பகுதித் தெருக்கள் பல நீரில் மூழ்கின. இத்தகைய இடத்தில் நிறுத்தப்பெறும் பழைய வண்டியில் மின்கம்பி முனைகள் துருப்பிடிப்பது இயல்பு. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வண்டிகளுக்குச் சுழற்சிமானியைப் பிற்பாடு வாங்கிப் பொருத்துவோரும் உண்டு. பிழைகள் பெரும்பாலும் இவ்விடத்திலேதான் புகுகின்றன.

கருவியைக் கழற்றுமுன் அது உண்மையிலேயே பிழைபட்டதா என்று நிச்சயிக்க வேண்டும். இதற்குச் செலவில்லாத வழி ஒன்றுண்டு. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 அலைவுடையது. ஆகவே பழைய சோக் பொருத்திய குழல்விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்குகிறது. யந்திரத்தின் முன்புறக் கிராங்குக் கப்பியில் வெண்வர்ணத்தால் ஒரேயொரு கோடு இட்டு, அந்தி வேளையில் அவ்விளக்கின் ஒளி மட்டும் அதன்மேல் விழச் செய்து, விசையை மெல்ல ஏற்றுக. 1000 சுற்றில் ஆறு கோடுகள் அசையாது நிற்பனபோலத் தோன்றும், 1500-இல் நான்கு, 2000-இல் மூன்று, 3000-இல் எதிரெதிரே இரண்டு. 2400-இல் ஐந்து கோடுகள் தோன்றும். 1200-இலும் ஐந்தே தோன்றுமாதலால், கீழிருந்து படிப்படியாக ஏற்றி வருவோர்க்கே மயக்கம் நேராது. எலெக்ட்ரானிக் சோக்குடைய விளக்கும், ஜெனரேட்டர் மின்சாரமும் இதற்கு உதவா. கியரை நடுநிலையில் வைத்துக் கைப்பிரேக்கை இழுத்துவிட வேண்டும். வேட்டி, துண்டு முதலியன விசிறியருகே செல்லலாகாது. அடைத்த கொட்டகையில் இதனைச் செய்தல் கூடவே கூடாது. புகையில் உள்ள நச்சுவாயு உயிரைக் கொல்லும்.

பின்னர்ப் பிழையின் ஜாதியைக் கவனிக்க. எல்லா வேகத்திலும் ஒரே அளவு, உதாரணமாக 200 சுற்று, மிகுந்தால் முள் தண்டில் நகர்ந்திருக்கிறது எனலாம். ஒரே விகிதத்தில் பிழைத்தால் காரணம் வேறு. நான்கு சிலிண்டர் யந்திரம் ஒரு சுற்றுக்கு இரண்டு தீப்பொறி தரும். ஆறு சிலிண்டருடையது மூன்று தரும். ஆறு சிலிண்டருக்கு ஆன மின்சுழற்சிமானியை நான்கு சிலிண்டர் வண்டியில் மாட்டினால் 3000 சுற்று 2000 என்றே காட்டும். கருவியில் பழுதே இராது, பொருத்தந்தான் தவறு.

கம்பிவடத்தால் ஓடும் பழைய வகையில், உள்ளே ஒரு காந்தம் சுழன்று அலுமினியக் கிண்ணத்தை இழுக்க, மெல்லிய சுருள்வில் அதனைத் தடுக்கிறது. காந்தம் வலுவிழந்தால் முள் குறைத்துக் காட்டும். வில் தளர்ந்தால் மிகுத்துக் காட்டும். முள் நடுங்குமாயின் வடம் வறண்டிருக்கும், அல்லது கடுமையாக வளைந்திருக்கும். இங்கே மெக்கானிக்குகள் பலரும் கிரீஸை அள்ளி அப்புகின்றனர். அது வடத்தின் வழியே ஏறிக் கிண்ணத்தில் படிந்து கருவியைக் கெடுக்கும். வடத்தின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் சிறிதளவு தடவினால் போதும். எம்.ஜி. டி.டி. போன்ற வண்டிகளில் சுழற்சிமானி டைனமோவின் பின்முனையிலிருந்து ஓடுவதால், விசிறிப் பெல்ட் வழுக்கினாலும் முள் இறங்கும். அவ்வண்டியில் டைனமோவை எடுத்துவிட்டுச் சாதாரண ஆல்டர்னேட்டரை மாட்டினால் கருவிக்கு இயக்கமே இராது.

மின்வகையில் முதலில் எர்த் கம்பியைச் சுரண்டித் துடைத்து இறுக்க வேண்டும். முகப்பு விளக்கை ஏற்றியதும் முள் துள்ளினால் இதுவே காரணமாக இருக்கும். முகப்பில் ஆர்.வி.ஐ. என்று குறித்த ஸ்மித்ஸ் கருவி, இக்னிஷன் காயிலுக்குச் செல்லும் கம்பியின் மின்னோட்டத்தைக் கொண்டு வேகத்தை உணர்கிறது. அக்கம்பி கருவியின் பின்னே சுற்றும் திசையும் சுற்றெண்ணிக்கையும் மாறலாகாது. பல பிரிட்டிஷ் வண்டிகள் 1960-களின் நடுப்பகுதிவரை பாஸிட்டிவ் எர்த்தாக இருந்தன. அவற்றை நெகட்டிவ் எர்த்தாக மாற்றுவோர் கருவியின் உள்ளிணைப்பையும் மாற்றாவிடில் அது கெட்டுவிடக்கூடும். பிளாட்டினம் பாயிண்டை நீக்கி எலெக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்திய பின்னர் முள் தாறுமாறாக ஆடினால், பழைய பாயிண்டைத் தற்காலிகமாக மாட்டிப் பார்க்க. முள் சீர்ப்பட்டால் கருவி நல்லதே.

இவையாவும் சரியாயிருந்தும் பிழை நீங்காவிடில், உள்ளிருக்கும் மின்தேக்கிகளும் ரெஸிஸ்டர்களும் முதுமையால் அளவு மாறியிருக்கலாம். அவற்றை மட்டும் மாற்றி அளவுதிருத்துவது, அசல் கருவியை எறிந்துவிட்டு வேறொன்றைத் தேடுவதிலும் மேலானது. திருத்திய பின் 1000, 2000, 3000 ஆகிய மூன்று இடங்களிலும் குழல்விளக்கின் கீழ் மறுபடி ஒத்துப்பார்த்து, வித்தியாசத்தை ஒரு சீட்டில் எழுதி வண்டியிலேயே வைத்துக்கொள்க.