நண்டிற்கு நோவுண்டோ?

தீச்சுடரிற் பட்ட விரலை வெடுக்கென இழுத்துக்கொள்கின்றோம். நோவை அறிந்தே இழுக்கின்றோமெனப் பலரும் எண்ணுவர். அஃதன்று, முதுகுத்தண்டின் நரம்புகளே அவ்வேவலைப் பிறப்பித்துவிடுகின்றன. செய்தி மூளையை அடைந்து நோவாக உணரப்படுவது சற்றுப் பின்னரே. அங்ஙனமாயின், கொதிநீரிலிட்ட நண்டு துடிப்பதும் வெறும் நரம்பின் தொழிலாகலாமன்றோ என வினவுவார்க்கு யாது விடை?

நண்டினை நாலறிவுயிர்களோடு சேர்த்த தொல்காப்பிய மரபியல், ஊறென்னும் முதலறிவைப் புல்லுக்கும் மரத்துக்கும் உரியதாக்கிற்று. ஆயின் ஊறுணர்தல் வேறு, வருந்துதல் வேறு.

பெல்பாஸ்ட் நகரத்துக் குயின்ஸ் சர்வகலாசாலையைச் சார்ந்த ராபர்ட் எல்வுட் என்பார் தம் துணைவருடன் 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஈண்டு அறியத்தக்கது. துறவி நண்டு என்பது, மெல்லிய தன் பின்னுடலைக் காத்தற்பொருட்டு நத்தையினங்களின் வெற்றோட்டிற் குடியிருப்பது. எல்லா ஓடுகளையும் அஃது ஒப்ப விரும்புவதில்லை. அவ்வோடுகளுள் கம்பி செலுத்திச் சிறிது மின்சாரம் பாய்ச்சியபோது, விருப்பமற்ற ஓட்டிலிருந்த நண்டுகளே மிகுதியாக வெளியேறின; விரும்பிய ஓட்டிலிருந்தவை அத்துணை எளிதில் அதனைத் துறந்தில. வெளியேறாதிருந்தவற்றின் முன் பின்னர் வேறோர் ஓட்டை வைத்தபோது, அவை அதனை நீளச் சோதியாமல் விரைந்து அணுகின. பகைப்பிராணியின் நாற்றம் நீரிற் கலந்திருப்பின் வெளியேற்றம் குறைகின்றதென்பது 2016-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியாற் புலனாயிற்று.

தன்னியல்பாய் நிகழும் நரம்பசைவிற்கு வீட்டின் அருமை தெரியுமோ? இழப்பையும் துன்பத்தையும் சீர்தூக்கும் ஏதோவொன்று ஆண்டு உளது. இஃது ஐயத்திற்கு இடமற்ற முடிவென்று யாம் கூறோம். நண்டின் அகம் நமக்குப் புலனாவதன்று. எனினும், அயலார் நோவையும் நாம் அவர்தம் செய்கை கொண்டே அறிகின்றோம் என்பதை மறத்தலாகாது.

எல்லாச் சிற்றுயிர்களையும் ஒரே கோலால் அளத்தலும் பொருந்தாது. கால் நசுங்கிய பூச்சி அக்காலையே வழக்கம்போல் ஊன்றி நடப்பதுண்டு. கும்பிடுபூச்சி தன்னைத் தின்னும்போதும் தன் இரையை விடாது மெல்லும் வெட்டுக்கிளியும் உண்டு.

ஸ்விட்ஜர்லாந்து தேசம், சிங்கிறாலை உணர்விழக்கச் செய்யாது உயிரோடு கொதிநீரிலிடுவதை 2018-இல் தடுத்தது. பிரிட்டனில் 2022-இல் இயற்றப்பட்ட சட்டமொன்று நண்டு, இறால், கணவாய் ஆகிய இனங்களையும் உணர்வுடைய உயிர்களாக ஏற்றுக்கொண்டது. அச்சட்டத்திற் பூச்சிகள் இடம்பெறவில்லை.