சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்

அன்புள்ள தங்கைக்கு,

மகப்பேறு மேற்படிப்பில் சேர்ந்து, முதல் இரவுப் பணிக்குப் போகிறாய். போகும் முன் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் போ.

1881, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். ஹால்ரைட் என்ற மருத்துவர், தன் நோயாளியைப் பார்க்க அறுவை மருத்துவர் லாசன் டெய்ட்டை அழைத்தார். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் போகிறது, திறந்து குழாயை எடுத்துவிடுங்கள் என்றார். டெய்ட் மறுத்துவிட்டார். அந்தப் பெண் இறந்தாள். ரத்தம் கசிந்த இடத்தைக் கட்டியிருந்தால் பிழைத்திருப்பாள் என்பது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. 1883இல் டெய்ட் அதே அறுவையைச் செய்து ஒரு பெண்ணைக் காப்பாற்றினார். பாடநூல்களில் அவர் பெயர் நிற்கிறது. என் மனத்தில் நிற்பவர் ஹால்ரைட். அவர் சரியாகச் சந்தேகித்தார். அதை வாய்விட்டுச் சொன்னார். உன்னிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான்.

100 கர்ப்பங்களில் ஒன்றிரண்டு கருப்பைக்கு வெளியே தங்குகின்றன. அவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் குழாயில். நாள் தள்ளிப்போவது, அடிவயிற்று வலி, உதிரப்போக்கு என்று புத்தகம் சொல்லும் மூன்றும் பலருக்குச் சேர்ந்து வருவதில்லை. ஒருத்தி பாத்ரூமில் மயங்கி விழுந்தேன் என்பாள். ஒருத்தி வாந்தி, வயிற்றுப்போக்கு என்று வருவாள். இன்னொருத்திக்குப் படுத்தால் தோள்பட்டை வலிக்கும். வயிற்றில் தேங்கிய ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. "போன வாரம்தானே தலைக்குக் குளிச்சேன்" என்பவள் விலக்கு என்று நினைத்தது இந்தக் கர்ப்பத்தின் கசிவாக இருக்கலாம். "குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சு டாக்டர்" என்பாள்; கேட்டுவிட்டு நிம்மதியாகிவிடாதே. அந்த அறுவை தவறுவது அபூர்வம். தவறினால், ஏறக்குறைய மூன்றில் ஒரு கர்ப்பம் குழாயில்தான்.

ஆகவே, பிள்ளை பெறும் வயதில் வயிற்று வலி என்று யார் வந்தாலும் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய். கல்யாணமாகாத பெண்ணிடம் அம்மா பக்கத்தில் நிற்கும்போது கேட்காதே. தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேள். எதற்காகப் பரிசோதனை என்பதைச் சொல்லிச் சம்மதம் வாங்கு.

பரிசோதனை பாசிட்டிவ், ஸ்கேனில் கருப்பை காலி, நோயாளி நிலையாக இருக்கிறாள். இங்கேதான் பொறுமை வேண்டும். ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோனான பீட்டா எச்.சி.ஜி.யின் எண் 3500ஐத் தாண்டியும் கருப்பையில் ஒன்றும் தெரியாவிட்டால் சந்தேகம் வலுக்கும். அதற்குக் கீழே என்றால் 48 மணி நேரம் கழித்து மறுபடி பார். எண் ஏறுகிறது என்பதாலேயே கரு சரியான இடத்தில் இருக்கிறது என்று முடிவு கட்டாதே. அவசரப்பட்டு, கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசியைப் போட்டுவிடவும் செய்யாதே. அவள் ஆசையோடு காத்திருந்த நல்ல கருவாகவும் அது இருக்கக்கூடும்.

நோய் உறுதியாகி, குழாய் வெடிக்காமல், கருவில் துடிப்பில்லாமல், எண் 5000க்குக் கீழே இருந்தால் அந்த ஊசி நல்ல வழி. ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் முதலில் பார். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம். 4ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையே எண் 15 சதவீதமாவது இறங்க வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்தச் சொல். இவற்றோடு ஒன்று கேள்: அவள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? நடுராத்திரி வலி வந்தால் அழைத்து வர யார் இருக்கிறார்கள்? திரும்பி வர முடியாதவளுக்கு அந்த ஊசி ஆபத்து.

வெடித்துவிட்டது என்று தோன்றினால் ஸ்கேன் அறைக்கு அனுப்பிக் காத்திராதே. இளம் உடல் கடைசி வரை பி.பி.யைத் தாங்கிப் பிடிக்கும். பிறகு ஒரேயடியாகச் சரியும். இரண்டு பெரிய ஊசிவழி, ரத்த வங்கி, மயக்க மருத்துவர், தியேட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் நகரட்டும். ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி மறக்காதே.

மறுநாள் காலை அவள் கட்டிலருகே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார். அவள் உயிர் பிழைத்ததற்கு உறவினர்கள் சாமி கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அவள் ஒரு பிள்ளையை இழந்திருக்கிறாள். அவள் செய்த எதனாலும் இது வரவில்லை என்று சொல். மறுபடி கருத்தரிப்பவர்கள் பலர் என்று சொல். 10 பேரில் ஒருவருக்கு இது திரும்பலாம் என்பதால், அடுத்த முறை நாள் தள்ளியதுமே வரச் சொல்.

இரவு 2 மணிக்கு மூத்தவரை எழுப்பக் கூசாதே. என்னை எழுப்பியிருக்கிறார்கள், பலமுறை ஒன்றும் இருந்ததில்லை. அதற்காக நான் வருந்தியதே இல்லை. சில வருஷங்களில் நீயும் மூத்தவளாகிவிடுவாய். அப்போது டெய்ட் நின்ற இடத்தில் நீ நிற்பாய். அன்று உன்னை எழுப்பும் இளையவர் சொல்வதை, போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்து கேள்.

அன்புடன்,
இதே வார்டில் இரவுகள் விழித்த உன் அக்கா