விளைபொருள் விற்பனையில் அட்டைப் பணம்: வரவும் கழிவும்

பயிர் விளைவது வயலில். லாபம் விளைவதோ விற்குமிடத்தில். காலத்தில் உழுது, எருவிட்டு, பூச்சி நோய் அணுகாமற் காத்த மகசூலும், விற்கும்போது கணக்குத் தவறினால் குடியானவருக்கு உழைப்பின் களைப்பை மட்டுமே மிச்சமாக வைக்கும். மண்டிக்குச் சரக்கை அனுப்பி, தரகும் எடைக் கழிவும் போக வந்ததைப் பெற்றுவந்த குடியானவர் பலர், இப்பொழுது தாமே கடை வைத்து வாங்குவோருக்கு நேரில் விற்கின்றனர். 1999ஆம் வருஷம் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கப்பட்டதன் நோக்கமும் இத்தகைய நேர் விற்பனையே ஆகும். இவ்வாறு விற்பவர் முன் புதியதொரு கேள்வி நிற்கிறது. வாங்குவோர் ரொக்கத்திற்குப் பதிலாக அட்டையை நீட்டினால் அதனை ஏற்பதா, வேண்டாமா? ஏற்றால் கையில் மிஞ்சுவது எவ்வளவு?

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை கிருஷ்ணகிரி ஜில்லா வழியே போகிறது. அந்த ஜில்லாவில் மாந்தோப்பு உடைய ஒரு குடியானவர், மாம்பழக் காலத்தில் சாலையோரம் பந்தலிட்டு அல்போன்ஸாவும் பங்கனப்பள்ளியும் விற்பதாக வைத்துக்கொள்வோம். அட்டை இயந்திரம் கொடுக்கும் முகவர் அவரிடம் வந்து, "இயந்திரம் இலவசம், கழிவு நூற்றுக்கு இரண்டே" என்கிறார். இரண்டு சொற்ப அளவாகத் தோன்றுவதால் குடியானவர் கையெழுத்திடுகிறார். பருவம் முடிந்து கணக்கைப் பார்க்குங்கால், அட்டையில் விற்ற சரக்கின் லாபத்தில் பெரும்பகுதி எங்கே போயிற்று என்று அவருக்கு விளங்குவதில்லை. அது போன வழியைத் தெரிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

பணம் வரும் வழி

அட்டையை இயந்திரத்தில் வைத்தவுடன் பணம் விற்பவரை வந்து சேர்ந்துவிடுவதில்லை. இயந்திரத்தைக் கொடுத்த பாங்கி முதலில் செய்தியைப் பெறுகிறது. ரூபே, விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு அச்செய்தியை வாங்குபவரின் பாங்கிக்குக் கொண்டுசெல்கிறது. அந்தப் பாங்கி சம்மதம் தெரிவித்ததும் இயந்திரம் சீட்டு அடிக்கிறது. இவை யாவும் சில வினாடிகளில் நடந்துவிடும். சீட்டு என்பது பணம் தருவதற்கான சம்மதமே. பணம் விற்பவர் கணக்கில் ஏறுவது பெரும்பாலும் மறு வேலை நாளில். அதுவும் கழிவு நீக்கியே ஏறும். இவ்விதம் அட்டைப் பணத்தைப் பெறுவதற்கு விற்பவர் பாங்கியுடன் செய்துகொள்ளும் ஏற்பாட்டிற்கு வியாபாரிக் கணக்கு என்று பெயர்.

பாங்கி நேரே கொடாமல் இடைநிலைக் கம்பெனி ஒன்று இவ்வேற்பாட்டைச் செய்து கொடுப்பதும் உண்டு. அப்படியாயின், அக்கம்பெனி ரிசர்வ் பாங்கியின் அனுமதி பெற்றதுதானா என்று முதலில் விசாரித்தறிதல் அவசியம். விற்ற பணம் ஒரு நாளேனும் அவர்கள் வசம் தங்குகிறது என்பதை மறத்தலாகாது.

கிஸான் கடன் அட்டை வேறு, இது வேறு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1998ஆம் வருஷம் ஏற்பட்ட கிஸான் கடன் அட்டை, சாகுபடிச் செலவிற்குக் குடியானவர் கடன் பெறும் வழியாகும். வியாபாரிக் கணக்கோ, பிறர் கொடுக்கும் விலையை அவர் பெறும் வழி. கடைப் பணம் கிஸான் கடன் கணக்கிலேயே வந்து விழுந்தால் அது கடனில் கழிந்துவிடும். கடையின் வரவு செலவு இன்னதென்று பிரித்தறிய இயலாது. ஆகையால் கடைக்கென்று தனிக் கணக்கு வைத்தலே நலம்.

கழிவின் அளவு

அட்டைகள் யாவற்றிற்கும் கழிவு ஒன்றன்று. வாங்குபவர் தம் கணக்கிலுள்ள பணத்தையே கொடுப்பது பற்று அட்டை. டெபிட் கார்டு என்பது இதுவே. பாங்கி முன்கூட்டிக் கொடுக்க, பிறகு அவர் பாங்கிக்குத் திருப்பிச் செலுத்துவது கடன் அட்டை, அதாவது கிரெடிட் கார்டு.

பற்று அட்டைக்கு ரிசர்வ் பாங்கி 1-1-2018 முதல் உச்ச வரம்பு விதித்தது. வருஷ விற்பனை ரூ.20 லட்சத்திற்கு மேற்படாத சிறு வியாபாரியிடம், இயந்திரத்தின் வழியே வரும் தொகைக்கு நூற்றுக்கு 0.40க்கு மேல் கழிவு பிடித்தல் கூடாது. ஒரு விற்பனைக்கு ரூ.200க்கு மேற்படவும் கூடாது. அதற்கு மேற்பட்ட விற்பனையுடைய வியாபாரிக்கு வரம்பு நூற்றுக்கு 0.90, ஒரு விற்பனைக்கு ரூ.1,000. ரூபே பற்று அட்டைக்கும் யு.பி.ஐ. வழிக்கும் 1-1-2020 முதல் கழிவே இல்லை. பற்று அட்டைக்கான கழிவை வாங்குபவர் தலையில் ஏற்றி வசூலிப்பதற்கும் இடமில்லை.

கடன் அட்டைக்கு இத்தகைய வரம்பு விதிக்கப்படவில்லை. அங்கே கழிவு ஒப்பந்தப்படியே அமையும். பெரும்பாலும் நூற்றுக்கு 2ஐ ஒட்டியிருக்கும். ஒரு விற்பனை ரூ.2,000க்கு மேற்பட்டால், பிடிக்கும் கழிவின்மீது நூற்றுக்கு 18 வீதம் சரக்கு சேவை வரியும் சேரும். 2022 முதல் ரூபே கடன் அட்டையை யு.பி.ஐ.யுடன் இணைத்துச் செலுத்தவும் இடமுண்டு. அவ்வழியில் வரும் பெருந்தொகைகளுக்குக் கழிவு உண்டா என்பதைப் பாங்கியில் கேட்டறிந்து கொள்ள வேண்டும்.

லாபத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல்

மேற்சொன்ன குடியானவர் கிலோ ரூ.150 விலையில் 20 கிலோ பழம் விற்கிறார். வரவு ரூ.3,000. சாகுபடி, பறிப்புக் கூலி, வண்டிச் சத்தம், பழுக்க வைத்தல், பந்தல் முதலிய செலவு ரூ.2,700 என்று வைத்துக்கொண்டால் லாபம் ரூ.300. வாங்குபவர் கடன் அட்டை கொடுக்கிறார். நூற்றுக்கு 2 வீதம் கழிவு ரூ.60. அதன்மீது வரி ரூ.10.80. ஆக மொத்தம் ரூ.70.80 போக, கணக்கில் ஏறுவது ரூ.2,929.20.

விற்பனையோடு ஒப்பிட்டால் இக்கழிவு அற்பமே. லாபத்தோடு ஒப்பிட்டாலோ, ரூ.300இல் ரூ.70.80, அதாவது ஏறக்குறையக் கால் பங்கு போய்விட்டது! அதே தொகையை ரூபே அல்லாத பற்று அட்டையில் கொடுத்திருந்தால் கழிவும் வரியும் சேர்ந்து ரூ.14.16, யு.பி.ஐ.யில் கொடுத்திருந்தால் ஒன்றுமில்லை. முகவர் விற்பனையை வைத்துக் கழிவைச் சொல்வார். குடியானவர் லாபத்தை வைத்தே அதனை அளந்து பார்த்தல் வேண்டும்.

உழாத மாட்டிற்குத் தீனி

கழிவைக் காட்டிலும் பெரிய செலவு மற்றொன்று உண்டு. அது இயந்திரத்தின் வாடகை. இயந்திரம் இலவசம் என்று முகவர் சொன்னாலும், மாத வாடகை என்றோ, குறைந்த அளவு விற்பனை நடவாத மாதத்திற்குக் கட்டணம் என்றோ ஒப்பந்தத்தில் எழுதியிருத்தல் கூடும். பன்னிரண்டு மாதமும் நடக்கும் மளிகைக் கடைக்கு இது பாரமன்று. மூன்று மாதம் மட்டும் நடக்கும் பழக்கடைக்கு, எஞ்சிய ஒன்பது மாத வாடகையும் உழாத மாட்டிற்குப் போடும் தீனியே ஆகும்.

உதாரணமாக, வாடகை மாதம் ரூ.400 என்று கொள்வோம். வரியுடன் வருஷத்திற்கு ரூ.5,664 ஆகிறது. அப்பருவத்தில் கடன் அட்டையில் ரூ.60,000க்கும், ரூபே அல்லாத பற்று அட்டையில் ரூ.40,000க்கும் விற்பனை நடந்தால், கழிவு ரூ.1,360, அது முழுவதற்கும் வரி சேர்த்தாலும் ரூ.1,604.80தான். இரண்டும் சேர்ந்து ரூ.7,268.80. ஒரு லட்ச ரூபாய் விற்பனையில் நூற்றுக்குப் பத்து வீதம் லாபம் ரூ.10,000, அதில் மிஞ்சுவது மூவாயிரத்திற்கும் குறைவே. பருவத்திற்கு மட்டும், அதாவது மூன்று மாதத்திற்கு மட்டும் இயந்திரம் பெற்றுத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்துகொண்டால், வாடகை வரியுடன் ரூ.1,416, மொத்தச் செலவு ரூ.3,020.80 ஆகக் குறைந்து, சுமார் ரூ.7,000 கையில் நிற்கும். ஆகவே கழிவைப் பற்றிப் பேரம் பேசுவதற்கு முன் வாடகையைப் பற்றியும், இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையைப் பற்றியும் கேட்பதே விவேகம்.

ஒரு வாரச் சோதனை

புதிய விதையை வயல் முழுதும் விதைக்குமுன் ஒரு பாத்தியில் விதைத்துப் பார்ப்பது போல, இயந்திரம் வாங்குமுன் ஒரு வாரம் சோதித்துப் பார்க்கலாம். யு.பி.ஐ. வழிக்குரிய கியூ.ஆர். அட்டை ஒன்றைப் பாங்கியில் பெற்றுக் கடையில் தொங்கவிட வேண்டும். இதற்கு இயந்திரம் தேவையில்லை. பிறகு ஒரு நோட்டில் நான்கு பத்தி கீறி, ரொக்கம் கொடுத்தோர், யு.பி.ஐ.யில் கொடுத்தோர், அட்டை நீட்டிப் பிறகு வேறு வழியில் கொடுத்தோர், அட்டை எடுபடாமையால் வாங்காது சென்றோர் ஆகியோரை நாள்தோறும் குறித்து வர வேண்டும்.

முடிவைத் தீர்மானிப்பது நான்காம் பத்தியே. வாங்காது சென்றோர் வாரத்திற்கு ஒருவர் இருவராயின் இயந்திரம் வீண் செலவு. நாள்தோறும் பலர் அவ்வாறு செல்வராயின், அவர்களால் கிடைக்கக்கூடிய லாபத்தையும் மேற்கண்ட செலவையும் எதிரெதிரே எழுதிப் பார்த்துத் தீர்மானிக்கலாம். முகவரின் சொல்லைக் காட்டிலும் இந்த ஏழு நாள் நோட்டு நம்பத்தக்கது.

கொடுத்த பணம் திரும்பிப் போதல்

அட்டைப் பணத்திற்கு ரொக்கத்தில் இல்லாத ஓர் ஆபத்து உண்டு. வாங்கியவர், சரக்கு வந்து சேரவில்லை என்றோ, சொன்னபடி இல்லை என்றோ தம் பாங்கியில் முறையிட்டால், அத்தொகை விற்பவரிடமிருந்து திரும்பப் பிடிக்கப்படலாம். இதனைச் சார்ஜ்பேக் என்பர். சிலவகை முறையீடுகளுக்கு 120 நாள் வரை இடமிருக்கிறது. வைகாசியில் அனுப்பிய பழத்திற்கு ஆவணியில் கேள்வி வரலாம். அப்பொழுது காட்டுவதற்குப் பழம் இராது. சீட்டுத்தான் இருக்க வேண்டும்.

அட்டையும் ஆளும் நேரில் வந்து, வாங்குபவர் தம் ரகசிய எண்ணைத் தாமே அழுத்திச் செய்த விற்பனையில் இவ்வாபத்து குறைவு. தொலைபேசியில் ஆர்டர் பெற்றுப் பெட்டியில் அனுப்பும் விற்பனையில் அதிகம். ஆகையால் அனுப்பிய தேதி, எடை, ரகம், பார்சல் ரசீது, பெற்றுக்கொண்டவர் கையொப்பம் ஆகியவற்றைக் குறைந்தது ஆறு மாதம் பத்திரப்படுத்த வேண்டும். பாங்கி விளக்கம் கேட்டு எழுதினால், குறித்த தவணைக்குள் பதில் அனுப்பாதவர் வழக்கில் தோற்றவரே ஆவார்.

மோசடிகள்

வாங்குபவர் தம் தொலைபேசியில் காட்டும் படத்தை நம்பிச் சரக்கைக் கொடுத்தல் கூடாது. விற்பவர் தம் கணக்கில் பணம் ஏறிய செய்தியைக் கண்ட பின்னரே கொடுக்க வேண்டும். பணம் பெறுவதற்கு ரகசிய எண் எக்காலத்திலும் தேவையில்லை. அதனைக் கேட்பவர் பணம் கொடுக்க வந்தவரல்லர், எடுக்க வந்தவர். கடையில் தொங்கும் கியூ.ஆர். அட்டையின்மேல் வேறொரு சீட்டை ஒட்டிவிடுவாரும் உளர். ஆதலின் தினமும் காலையில் ஒரு ரூபாய் செலுத்திச் சோதித்தல் நன்று. வாங்குபவர் அட்டையின் எண்ணை நோட்டில் எழுதி வைத்தலும் ஆகாது.

பணம் மோசம்போயின் தாமதமின்றி 1930 என்ற எண்ணிற்குத் தெரிவிக்க வேண்டும். பாங்கி அதிகமாகக் கழிவு பிடித்திருப்பின், முதலில் அப்பாங்கிக்கே எழுத்து மூலம் முறையிட்டு, 30 நாளில் தக்க பதில் வராவிடில் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

எழுத்தறிவு குறைந்த சிறு குடியானவரும் இவ்வொப்பந்தங்களில் கையெழுத்திடுகின்றனர். கிராமத்தில் கூட்டம் கூடும் சமயங்களில் கிராம அதிகாரிகள் பின்வருவனவற்றை உரக்கப் படித்துக் காட்டுவது மிக்க பயன் தரும்.

1. ஒப்பந்தத்தில் மாத வாடகை, குறைந்த அளவு விற்பனை, கழிவு, திருப்பிக் கொடுக்கும் நிபந்தனை ஆகிய நான்கையும் எழுத்தில் கண்ட பின்னரே கையெழுத்திடுக.

2. கடன் அட்டை, பற்று அட்டை, யு.பி.ஐ. மூன்றிற்கும் கழிவைத் தனித்தனியே கேட்டறிக.

3. கடைக்குத் தனிப் பாங்கிக் கணக்கு வைத்துக்கொள்க.

4. நாள்தோறும் கடையடைக்குமுன் இயந்திரத்தின் மொத்தத்தையும், மறுநாள் கணக்கில் ஏறிய தொகையையும் ஒத்துப் பார்க்க.

5. சீட்டுகளையும் ரசீதுகளையும் ஆறு மாதம் வைத்திருக்க.

6. பருவம் முடிந்ததும் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது பெற்றுக்கொள்க.

அட்டையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் கடையையும் பருவத்தையும் பொறுத்தது. எதுவாயினும் கணக்குப் பார்த்துச் செய்தால் நஷ்டமில்லை. களத்தில் நெல்லை அளந்து கட்டும் குடியானவர், கணக்கில் ஏறும் பணத்தையும் அவ்வாறே அளந்து பெறுவாராக.