முதுகெலும்புத் தட்டும் தேர்ந்த மருத்துவரும்

(அங்கத்தினர் கல்விப் பகுதி)

சங்கத்தின் கணக்குகளைப் பரிசோதிக்கச் செல்பவனிடம் நோயைப் பற்றி ஆலோசனை கேட்பவர் அரிது. ஆயினும் காத்திவாக்கத்தில் குடியிருக்கும் அங்கத்தினர் ஒருவர் நகைக் கடன் மனுவுடன் என் முன் வந்து நின்றார். கடன் பெறும் காரணம் என்னுமிடத்தில் "முதுகில் தட்டு மாற்ற" என்று எழுதியிருந்தது. அவருக்கு வயது 52. இளமையில் இருபது ஆண்டுகள் தறிக்குழியில் அமர்ந்து நெய்தவர். தறி நின்ற பிறகு எண்ணூர்ப் பக்கத்துக் கிடங்கு ஒன்றில் மூட்டை சுமந்தவர். இடுப்பிலிருந்து கால் வரை இறங்கும் வலியால் நான்கு மாதங்களாக வேலைக்குச் செல்லவில்லை. யாரோ கொண்டு வந்து கொடுத்த துண்டுப் பிரசுரத்தை நம்பி ஒரு மருத்துவரிடம் சென்றிருக்கிறார். செயற்கைத் தட்டு வைத்தால் சில நாட்களில் முன்போல் பாரம் தூக்கலாம் என்றும், முன்பணத்தை இரண்டு நாளில் கட்டிவிட வேண்டும் என்றும் அங்கே சொல்லப்பட்டதாம்.

"ஐயா, தாலிச் சரட்டைத் தவிர வீட்டில் இருக்கிற நகை முழுவதும் இதுதான். கடன் கிடைக்குமா?" என்றார்.

"கடன் கிடைக்கும், பெரியவரே. ஆனால் அந்த மருத்துவர் இதுவரை எத்தனை பேருக்கு இதைச் செய்திருக்கிறார் என்று கேட்டீர்களா?" என்றேன்.

"டாக்டரிடம் போய் அப்படிக் கேட்கலாமா, ஐயா?"

கேட்கலாம், கேட்கவே வேண்டும். எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதே இம்மாதப் பாடம்.

1. தட்டு என்பது யாது?

நம் முதுகெலும்பு ஒரே எலும்பன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பல சிற்றெலும்புகளின் தொடர். கழுத்து முதல் இடுப்பு வரை இவ்வெலும்புகளுக்கு இடையே 23 மெத்தைகள் உள்ளன. இவற்றையே ஆஸ்பத்திரிகளில் 'டிஸ்க்' என்றும், மக்கள் வழக்கில் ஜவ்வு என்றும், தட்டு என்றும் சொல்லுகிறோம். தட்டின் நடுவே கூழ் போன்ற பொருளும், அதைச் சுற்றி நார் வளையமும் உண்டு. வளையம் கிழிந்து கூழ் வெளியே பிதுங்கி நரம்பை அழுத்துமானால் வலி காலுக்கு இறங்கும். இது பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு தட்டுகளிலேயே நிகழ்கிறது. கால் வலிக்குப் பிதுங்கிய தட்டு காரணமாகலாம் என்பதை 1934-இல் அமெரிக்க மருத்துவர்களாகிய மிக்ஸ்டரும் பாரும் எடுத்துக்காட்டிய பிறகே உலகம் இதைத் தெளிவாக உணர்ந்தது.

வளர்ந்தவர்களின் தட்டுக்குள் இரத்தக் குழாய்கள் செல்வதில்லை. மேலும் கீழும் உள்ள எலும்பு முகப்பின் வழியாகச் சத்து மெல்லக் கசிந்தே அதனைச் சேரவேண்டும். கோயமுத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவர் குழுவினரும் இக்கசிவைக் காந்த அதிர்வுப் படங்களால் தொடர்ந்து கண்டறிந்து, 2004-இல் வெளியிட்டனர். அவ்வாய்வு சர்வதேசப் பரிசு பெற்றது. தேய்ந்த தட்டு எளிதில் பழைய நிலைக்கு வராததன் காரணமும் இதுவே.

குனிந்து பாரம் தூக்கும்போது தட்டின்மேல் விழும் அழுத்தம் மிகுகிறது. திருவொற்றியூர்க் காலடிப்பேட்டை, ஜோசப் காலட் சென்னையின் ஆளுநராயிருந்த 1717-1720 காலத்தில் நெசவாளருக்கென எழுந்த குடியிருப்பு. அக்காலம் முதல் தறியில் குனிந்தவர்களும், துறைமுகத்தில் சுமந்தவர்களும், மீஞ்சூர், பொன்னேரி வயல்களில் நாற்று நட்டவர்களும் இவ்வட்டாரத்தில் தம் முதுகை நம்பியே வாழ்ந்து வந்திருக்கின்றனர். ஆகவே இப்பாடம் நம்மவர்க்கு மிகவும் வேண்டியதாகும்.

2. செயற்கைத் தட்டு வந்த வழி

சுவீடன் நாட்டு மருத்துவர் உல்ஃப் ஃபெர்ன்ஸ்ட்ரம், தட்டு இருந்த இடத்தில் எஃகுக் குண்டை வைத்துப் பார்த்து, அதன் விவரத்தை 1966-இல் வெளியிட்டார். குண்டு எலும்புக்குள் அமிழ்ந்து போகும் குறை தெரிந்தமையால் அம்முறை நிலைக்கவில்லை. 1984-இல் பெர்லின் நகரின் ஷாரிட்டே மருத்துவமனையில் கரின் பியூட்னர்-யான்ஸ் என்னும் பெண் மருத்துவரும் கர்ட் ஷெல்நாக் என்பவரும் உருவாக்கிய தட்டு முதன்முதலில் பொருத்தப்பட்டது. இரண்டு உலோகத் தகடுகளும் இடையே நழுவும் ஒரு பிளாஸ்டிக் நடுப்பகுதியும் கொண்டது அது. பியூட்னர்-யான்ஸ் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக் பந்தயங்களில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்றவர் என்பது சுவையான செய்தி.

இத்தட்டை அமெரிக்க அரசு 2004-இல்தான் அங்கீகரித்தது. பின்னாளில் அதே தட்டு விற்பனையிலிருந்து விலகியது. அதன் இடத்தில் வேறு வடிவங்கள் வந்தன. 2007-இல் கழுத்துக்கான தட்டும் அங்கே அங்கீகாரம் பெற்றது. அதே ஆண்டில் அந்நாட்டு முதியோர் காப்பீட்டுத் திட்டம், 60 வயதைக் கடந்தவர்களின் இடுப்புத் தட்டு மாற்றத்திற்குப் பணம் தருவதில்லை என முடிவு செய்தது. புதிய பொருள் என்பதாலேயே அது எல்லோர்க்கும் உற்ற பொருள் ஆகிவிடாது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

3. யாருக்கு ஏற்கும், யாருக்கு ஏலாது?

பிதுங்கிய தட்டால் வந்த கால் வலி, அறுவை இல்லாமலே மருந்தாலும் பயிற்சியாலும் சில வாரங்களில் பெரும்பாலோர்க்குத் தணிகிறது. தணியாத சிலருக்குப் பிதுங்கிய பகுதியை மட்டும் அகற்றும் சிற்றறுவை போதும். எலும்புகளை ஒன்றாக இணைத்துவிடும் அறுவை இன்னொன்று. அசைவைக் காக்கும் பொருட்டுச் செயற்கைத் தட்டு வைப்பது மூன்றாவது. இம்மூன்றும் வெவ்வேறு நோயாளிகளுக்கு உரியவை.

எலும்பு வலுவிழந்தவர்கள், தட்டுக்குப் பின்னுள்ள சிறு மூட்டுகள் தேய்ந்தவர்கள், ஓரெலும்பு மற்றொன்றின்மேல் நழுவியவர்கள், கிருமித் தொற்று உள்ளவர்கள் ஆகியோருக்குச் செயற்கைத் தட்டு பொதுவாக ஏற்காது. கழுத்துத் தட்டு மாற்றத்தில் பல ஆண்டு ஆய்வுகள் நற்பயன் காட்டியுள்ளன. இடுப்பில் தேர்வு இன்னும் கண்டிப்பாக இருத்தல் வேண்டும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். சிறுநீரோ மலமோ அடக்க முடியாமற் போதல், சிறுநீர் வராது நிற்றல், தொடையிடுக்கில் மரத்துப் போதல், கால் திடீரென வலுவிழத்தல் ஆகியவை கண்டால் எவரையும் தேடிக்கொண்டிராமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் அருமையானது.

4. மருத்துவரின் பேரேடு

சங்கத்தைத் தணிக்கை செய்யும்போது காரியதரிசியின் பேச்சை நாம் கணக்காக எடுத்துக்கொள்வதில்லை. ரொக்கப் புத்தகத்தையும் பேரேட்டையும் பார்க்கிறோம். அவ்வாறே மருத்துவரிடம் பணிவாகக் கேட்க வேண்டியவை இவை:

(அ) தங்கள் பதிவு எண் யாது? எம்.எஸ்., டி.என்.பி. எலும்பு மருத்துவமோ, எம்.சிஎச். நரம்பு அறுவையோ படித்தவர்களே இத்துறைக்கு வருகின்றனர். அதன் மேல் முதுகெலும்பு அறுவையில் தனிப் பயிற்சி எங்கே பெற்றார் என்றும் கேட்கவேண்டும். பதிவைத் தமிழ்நாடு மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் சரிபார்க்கலாம்.

(ஆ) செயற்கைத் தட்டு மாற்றம் மட்டும் எத்தனை செய்துள்ளார்? கடந்த ஓராண்டில் எத்தனை? கழுத்திலா, இடுப்பிலா? கழுத்தில் தேர்ந்தவர் இடுப்பிலும் தேர்ந்தவர் என்று கொள்ளலாகாது.

(இ) அவர்களுள் எத்தனை பேருக்கு மறு அறுவை நேர்ந்தது? ஒன்றும் நேரவில்லை என்பவர் மிகக் குறைவாகவே செய்திருக்கலாம். அல்லது செய்தவர்களைப் பின்தொடராமல் இருக்கலாம்.

(ஈ) வயிற்றைத் திறப்பவர் யார்? இடுப்புத் தட்டை முன்புறமாக, வயிற்றின் வழியே வைக்கவேண்டும். அவ்வழியில் பெரிய இரத்தக் குழாய்கள் கிடக்கின்றன. அவற்றைக் கையாளத் தேர்ந்த மருத்துவர் உடனிருத்தல் வேண்டும். ஆண்களுக்கு இவ்வறுவையால் விந்து வெளியேற்றத்தில் குறை நேர்வதும் உண்டு, வெட்கமின்றிக் கேட்டறிக. கழுத்து அறுவையில் சிலருக்குக் குரல் கம்முதலும் விழுங்குதலில் சிரமமும் உண்டாகும்.

(உ) தட்டு எனக்கு வேண்டாமென்றால் வேறு வழி யாது? இதுவே தலையாய வினா. வந்த மனுக்கள் அனைத்திற்கும் கடன் வழங்கும் பஞ்சாயத்தாரை நாம் நல்ல நிர்வாகிகள் என்பதில்லை. அதுபோல, பலருக்கு "உமக்கு இது வேண்டாம்" என்று மறுத்து அனுப்பத் தெரிந்தவரே அனுபவம் முதிர்ந்த மருத்துவர்.

இவ்வினாக்களுக்குப் பொறுமையாக விடை சொல்பவரிடம் நம்பிக்கை கொள்ளுங்கள். சினந்து கொள்பவரை விட்டு நகருங்கள். இரண்டு நாள் கெடு வைப்பவரிடம் இரட்டிப்பு ஐயம் கொள்ளுங்கள். அவசர அறிகுறி இல்லாதபோது செயற்கைத் தட்டுக்கு அவசரமும் இல்லை.

5. உங்கள் உரிமை

2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் மருத்துவப் பதிவேடுகளைத் தரவேண்டும் என்கின்றன. விளம்பரத்தால் நோயாளிகளை இழுப்பதையும், ஆள் அனுப்பியவருக்குத் தரகு தருவதையும் அவை தடை செய்கின்றன. சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழி, பெரிய ஆபத்துகள் ஆகியவற்றை விளக்கியே சம்மதம் பெறவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்தது. எனவே வெற்றுத் தாளில் கையொப்பமிடாதீர்கள்; நம் சங்கத்தில் அதை அனுமதிப்பதில்லை, அங்கு மட்டும் ஏன்?

இரண்டாவது அபிப்பிராயம் பெறுவது முதல் மருத்துவரை அவமதிப்பதாகாது. காத்திவாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கலாம். எதிரிலேயே 1664-இல் தோன்றிய அரசு பொது மருத்துவமனை நிற்கிறது. அங்கேதான் 1950-இல் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். இராயபுரத்தருகே ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. படங்கள், இரத்தப் பரிசோதனைத் தாள்கள், உண்ட மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றை ஒரு கோப்பில் வைத்து எடுத்துச் செல்க. அரசுக் காப்பீட்டு அட்டை உடையவர்கள், அறுவையும் தட்டின் விலையும் அத்திட்டத்தில் அடங்குமா என்பதை அனுமதிக்கு முன்பே கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்க. தட்டின் பெயரும் வரிசை எண்ணும் ரசீதில் இருத்தல் அவசியம்.

6. மனுவின் முடிவு

நம் அங்கத்தினர் முன்பணம் கட்டவில்லை. படங்களுடன் அரசு மருத்துவமனை ஒன்றிற்குச் சென்றார். அங்கிருந்த மூத்த மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, பின்புறச் சிறு மூட்டுகள் முன்பே தேய்ந்திருப்பதால் செயற்கைத் தட்டு அவருக்கு ஏற்காது என்று விளக்கினார். முறையான பயிற்சிச் சிகிச்சையை அதுவரை அவருக்கு ஒருவரும் தந்திருக்கவில்லை, அதுவே தொடங்கப்பட்டது.

வலி முற்றிலும் தீர்ந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் தணிக்கை அறிக்கையில் பொய் எழுதலாகாது. நெடுநேரம் அமர்ந்தால் இன்றும் வலிக்கிறது என்கிறார். மூட்டை தூக்குவதை விட்டு, அதே கிடங்கின் வாயிலில் வண்டிகளின் எண்ணைக் குறித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார். கூலி குறைவு. நகைகள் மட்டும் வீட்டில் இருக்கின்றன. சென்ற மாதம் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென அவற்றில் ஒரு சங்கிலியை மட்டும் சங்கத்தில் வைத்தார். அந்த மனுவில் நான் மகிழ்ச்சியுடன் குறிப்பெழுதினேன்.

அங்கத்தினர் கூட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டிய அறிகுறிகள் யாவை?
2. இடுப்புத் தட்டு மாற்றத்தில் இரத்தக் குழாய் அறிந்த மருத்துவர் ஏன் தேவை?
3. மறுக்கத் தெரிந்த மருத்துவரை ஏன் சிறந்தவர் என்கிறோம்?
4. மருத்துவச் செலவுக்குக் கடன் கேட்கும் அங்கத்தினரை, இரண்டாவது அபிப்பிராயம் பெற்று வரும்படி சங்கம் எவ்வாறு ஊக்குவிக்கலாம்?