பாம்பு கட்டாத புற்று

புற்றைப் பாம்பே கட்டுகிறது என்று எண்ணுவோர் இன்றும் உள்ளனர். கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதையைப் பழமொழியாகவே வைத்திருக்கும் மொழியில் இந்த எண்ணம் நிலைத்திருப்பது வியப்புக்குரியதே. நாகத்துக்கு மண்ணைத் தோண்டும் கால்களும் இல்லை, அதைச் சுமந்துவந்து அடுக்கும் வாயமைப்பும் இல்லை. எலியைத் தேடியோ வெயிலுக்கு ஒதுங்கியோதான் அது புற்றுக்குள் நுழைகிறது. தென்னிந்தியாவில் பரவலாகக் காணப்படும் ஓடோன்டோடெர்மிஸ் ஒபீசஸ் என்னும் கரையான் இனத்தின் புற்று ஆளுயரத்தையும் தாண்டுவதுண்டு. அதன் வேலைக்காரக் கரையான்கள் ஈரமண்ணை உமிழ்நீரோடு பிசைந்து, ஏறத்தாழக் கடுகளவு உருண்டைகளாக்கி, ஒவ்வொன்றாக வாயில் கவ்விவந்து சுவரில் வைத்து அழுத்துகின்றன.

சருகு மக்குவதற்கு வெயிலும் மழையும் போதும் என்பது இன்னொரு நம்பிக்கை. இலையின் நாரான செல்லுலோசையும், அதற்கு விறைப்பூட்டும் லிக்னினையும் சிதைப்பவை பெரும்பாலும் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களுமே. கோடையில் தரை காய்ந்ததும் அவற்றின் வேலை முடங்கிவிடுகிறது. புற்றுக்குள்ளோ ஈரம் குன்றுவதில்லை. தின்ற சருகை அரைகுறையாகவே செரித்து வெளியேற்றும் கரையான், அந்த எச்சத்தைக் கொண்டே கடற்பஞ்சு போன்ற துளைகள் நிறைந்த ஒரு தோட்டத்தை உள்ளறையில் அமைத்து, அதில் டெர்மிட்டோமைசிஸ் என்னும் பூஞ்சையை வளர்க்கிறது. லிக்னினைப் பூஞ்சை சிதைத்து முடித்த பின்னர், அந்தத் தோட்டத்தின் பழைய பகுதியைக் கரையானே தின்கிறது. மழைக்குப் பின் புற்றைப் பிளந்துகொண்டு முளைத்து, குழம்புச் சட்டிக்குப் போகும் புற்றுக்காளான் இந்தப் பயிரின் குடையன்றி வேறில்லை.

கரையான் மரத்தை அரிக்கும் பகை மட்டுமே என்போர், வீட்டு நிலையைப் பார்க்கிறார்களேயன்றித் தோப்பின் தரையைப் பார்ப்பதில்லை.

மண்ணின் அடுக்குகள் ஒருமுறை அமைந்தபின் அசையாதவை என்ற கருத்தே இவற்றுள் எல்லாம் ஆழமாக வேரூன்றியது. இங்கிலாந்தில் தம் வீட்டருகே இருந்த வயலில் சார்லஸ் டார்வின் 1842-இல் பரப்பிய சுண்ணக்கல் துண்டுகள், 29 ஆண்டுகளுக்குப் பின் பள்ளம் வெட்டியபோது 7 அங்குல ஆழத்தில் ஒரு கோடாகத் தென்பட்டன. அவற்றின்மேல் மண்ணை ஏற்றியவை மண்புழுக்கள். மண்புழு தாங்காத வறண்ட நிலத்தில் அவ்வேலையின் பெரும்பங்கு கரையானுடையது: அடிமண்ணின் களியை அது மேலே கொண்டுவர, கைவிடப்பட்ட புற்றை மழை கரைத்துச் சுற்றிலும் பரப்புகிறது. வெப்பநாடுகளின் செம்மண்ணில் சில இடங்களில் பொடிமண்ணுக்கு அடியில் சரளை தனி அடுக்காகக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று மண்ணியலார் கருதுகின்றனர். கரையானின் வாய்க்கு அடங்காத கற்களே அங்கே எஞ்சியவை.