நடமாட்டத்தை அளக்கும் கருவிகள்: தேர்ந்தெடுக்கும் முறை

நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோரின் எண்ணிக்கை 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 10 கோடியைத் தாண்டியிருந்தது. முதுமையில் ஒருவருடைய உடல்நலத்தை அறிய அவருடைய நடையே எளிய அளவுகோல் எனலாம். நடையின் வேகம் வினாடிக்கு 0.8 மீட்டர் அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் தசைநலிவு கடுமையாக உள்ளதென ஐரோப்பிய வல்லுநர் குழு 2019இல் வரையறுத்தது. ஆசிய வல்லுநர் குழு அதே ஆண்டில், வினாடிக்கு 1 மீட்டருக்குக் குறைந்த வேகத்தையே தாழ்ந்த வேகமாகக் கொண்டது.

ஆயினும், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சில மீட்டர் தூரம் நடக்கவைத்துக் கணக்கிடும்போது, ஒருவரால் எவ்வளவு இயலும் என்பதுதான் தெரியவரும். அவர் அன்றாடம் எவ்வளவு நடமாடுகிறார் என்பது அதில் தெரியாது. உடலில் அணியும் கருவிகள் இக்குறையை நிரப்ப வல்லவை. இந்திய அறிவியல் கழகம், தேசிய மனநல மற்றும் நரம்பியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்) முதலியவை அமைந்துள்ள பெங்களூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இக்கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கு ஆராய்வோம்.

கேள்வியே முதற்படி

விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் ஆய்வின் கேள்வியை வகுத்துக்கொள்ள வேண்டும். 'நடமாட்டம்' என்னும் ஒரே சொல் மூன்று வேறுபட்ட பொருள்களைக் குறிக்கிறது. முதலாவது, அசைவின் அளவு. இதற்கு முடுக்கமானி பொருத்திய எளிய கருவி போதும். இரண்டாவது, நடையின் தன்மை, அதாவது அடியின் நீளம், சீர், திரும்பும்போது ஏற்படும் தடுமாற்றம் ஆகியவை. பார்க்கின்சன் நோயாளிகளை ஆராய்வோருக்கு இதுவே தேவை. இதற்கு முடுக்கமானியோடு சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப்பும் சேர்ந்த கருவியை இடுப்பின் பின்புறத்திலோ காலிலோ பொருத்துவது நலம். மூன்றாவது, ஒருவர் சென்றுவரும் இடங்களின் பரப்பு. இதற்குச் செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் ஜி.பி.எஸ். வேண்டும்.

கர்நாடக அரசு 2023 ஜூன் 11 அன்று பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் அளிக்கும் 'சக்தி' திட்டத்தைத் தொடங்கியது. இத்தகைய திட்டத்தால் பெண்கள் சென்றுவரும் எல்லை விரிந்ததா என அறிய விரும்புவோர் காலடிகளை மட்டும் எண்ணினால் விடை கிட்டாது. பேருந்தில் பத்துக் கிலோமீட்டர் செல்பவரின் காலடிகள் கூடாமலே இருக்கலாம்.

எங்கே அணிவது?

மணிக்கட்டில் அணியும் கருவியைப் பலரும் எளிதில் ஏற்பர். இரவிலும் கழற்ற வேண்டியதில்லை. பிரிட்டனின் 'யு.கே. பயோபாங்க்' ஆய்வில் 2013 முதல் 2015 வரை ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் மணிக்கட்டுக் கருவியை ஏழு நாள் அணிந்தனர். ஆனால் அங்கு பொருந்தியது இங்கும் அப்படியே பொருந்தும் எனக் கொள்ளலாகாது.

பீணியா தொழிற்பேட்டையில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் ஆடைத் தொழிலாளியின் கைகள் நாள் முழுவதும் அசைகின்றன. மணிக்கட்டுக் கருவி அவ்வசைவை நடமாட்டமாகக் கணக்கிடக்கூடும். மாறாக, காய்கறி வண்டியைத் தள்ளுபவரும், இரு கைகளிலும் பை சுமப்பவரும் நடந்தாலும் கை வீசுவதில்லை. அவர்களுடைய அடிகள் விடுபடும். இடுப்பில் செருகும் கருவி இக்குறையைக் குறைக்கும். எனினும், அது கால்சட்டையின் இடைவாரை எண்ணி அமைக்கப்பட்டது. சேலை அணிவோருக்குத் தனிப் பட்டை தேவைப்படும். தரையில் அமர்ந்து எழுதல், குந்தியிருத்தல் ஆகியவற்றைப் பிரித்தறியத் தொடையில் ஒட்டும் கருவி பெரிதும் உதவும்.

காலடி எண்ணிக்கையின் எல்லை

நாளொன்றுக்கு 10,000 அடி என்னும் புகழ்பெற்ற இலக்கு, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணியின் பெயரிலிருந்து பரவியதேயன்றி, மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. மேலும், மெதுவாக நடப்போரிடமும், கைத்தடியோ நடைச்சட்டமோ ஊன்றுவோரிடமும் கருவிகள் அடிகளைத் தவறவிடுவது வழக்கம். எவரை அளப்பது மிகவும் இன்றியமையாததோ, அவரிடமே கருவி பிழை செய்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

ஆகவே, மொத்தமாக வாங்குமுன் முன்னோடிச் சோதனை நடத்த வேண்டும். ஆய்வு நடைபெறவுள்ள பகுதியிலேயே இருபது, முப்பது பேரைத் தெரிவு செய்து, அவர்கள் நடப்பதைப் படம் பிடித்து, அடிகளைக் கண்ணால் எண்ணி, கருவியின் கணக்கோடு ஒப்பிட வேண்டும். மெதுவாக நடப்போருக்கும் ஊன்றுகோல் உடையோருக்கும் பிழையைத் தனித்தனியே குறிப்பது அவசியம். மொத்தச் சராசரி இவ்வேறுபாட்டை மறைத்துவிடும். குண்டும் குழியுமான சாலையில் செல்லும் பேருந்தின் குலுக்கலைக் கருவி நடையாகக் கொள்கிறதா என்பதையும் சோதிக்கலாம்.

தரவும் மின்கலமும்

கடைகளில் விற்கும் கைக்கடிகாரங்கள் பல, இறுதி எண்ணிக்கையை மட்டுமே தருகின்றன. நிறுவனம் தன் கணக்கீட்டு முறையை இடையில் மாற்றினால், முதலாண்டு எண்ணையும் மூன்றாமாண்டு எண்ணையும் ஒப்பிட இயலாது. மூளை ஆராய்ச்சி மையம் கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தில் 45 வயது கடந்தோரிடையே நடத்துவது போன்ற நெடுங்கால ஆய்வுகளுக்கு இது பெருந்தடை. எனவே, மூலத் தரவைத் தரும் கருவியே நீண்ட ஆய்வுக்கு ஏற்றது.

அதன் அளவையும் முன்னதாகவே கணக்கிட வேண்டும். வினாடிக்கு 100 முறை, மூன்று திசைகளில், ஒவ்வோர் அளவுக்கும் 2 பைட் எனக் கொண்டால், ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 52 மெகாபைட் சேரும். ஏழு நாளில் 500 பேருக்கு 180 கிகாபைட்டைத் தாண்டும். ஜி.பி.எஸ். சேர்த்தால் மின்கலம் விரைவில் தீரும். நாள்தோறும் மின்னேற்றம் செய்ய வேண்டிய கருவியை முதியோர் கழற்றி வைத்துவிட்டு மறப்பர். அணியாத நாளைச் சோம்பலான நாள் எனப் பதிவு செய்வது பெரும்பிழையாகும்.

அணிபவரின் உரிமை

நாகபுரி, சண்டிகர் முதலிய நகரங்களில் துப்புரவுத் தொழிலாளருக்கு ஜி.பி.எஸ். கடிகாரங்கள் அணிவிக்கப்பட்டபோது, அவை தம்மை இடைவிடாது கண்காணிப்பதாக அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். நலனை அளக்கும் அதே கருவி, வேலையை வேவு பார்க்கவும் கூடும் என்பதை இது உணர்த்துகிறது.

பெங்களூரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என உச்சநீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், இசைவு தடையற்றதாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்கு உரியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. எனவே, இடவிவரம் தேவையில்லாத ஆய்வில் ஜி.பி.எஸ். இல்லாத கருவியையே வாங்க வேண்டும். தரவு எங்கே சேமிக்கப்படும், யார் காண்பர் என்பவற்றை ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதிவிட வேண்டும். பணியிடத்தில் ஆய்வு நடந்தால், தனிநபர் விவரம் மேலாளர் கைக்குச் செல்லலாகாது. இசைவுப் படிவம் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது என அவரவர் மொழியில் அமைவது முறை.

முடிவாக

கேள்வி, அணியும் இடம், உள்ளூர்ச் சோதனை, மூலத் தரவு, மின்கலம், இசைவு என்னும் இவ்வரிசையில் ஆராய்ந்த பிறகே விலையை ஒப்பிட வேண்டும். மேலும், ஒரு முதியவரின் காலடிகள் குறைந்துவிட்டன எனக் கருவி கூறலாம். அதற்குக் காரணம் அவருடைய முழங்காலா, வீட்டெதிரே பெயர்ந்து கிடக்கும் நடைபாதையா என்பதை அது கூறாது. அதை அறியக் களப்பணியாளர் அவர் வாயிற்படி ஏறி விசாரித்தே ஆக வேண்டும். அதற்குரிய ஆளும் நேரமும் திட்ட மதிப்பீட்டில் இடம்பெற்றால்தான் கருவிக்குச் செலவிடும் பணம் பயன் தரும்.